இன்னொரு நாலு

டாக்டர் சொன்னபோது தலையாட்டினேன்.
சீட்டை மடித்து
அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.
வீட்டுக்காரர் சொன்னபோது
அவர் தொப்பையைப் பார்த்தேன்.
பேச்சை மாற்றினார்.

பிலோமினா எதுவும் சொல்லவில்லை.
காலை நாலு ஐம்பதுக்கு
கம்பிக் கதவில்
சாவிக்கொத்தால் இரண்டு தட்டு.
மூன்றாவது தட்டினால்
எதிர்வீட்டு நாய் எழும்,
நாய் எழுந்தால் எதிர்வீட்டுக்காரி எழுவாள்,
அவள் எழுந்தால் தெருவே எழும்.
அதற்குப் பயந்துதான்
நான் நடக்க ஆரம்பித்தேன்.

கோட்டையூரில் அந்த நேரத்துக்கு
ஊருணிக்கரை நாய்களுடையது.
ஆகவே ஒரு வீட்டைச் சுற்றினோம்.
இந்தத் தெருவில் முன்வாசல்,
அடுத்த தெருவில் பின்வாசல்,
பங்காளிகள் பதினோரு பேரும்
ஆளுக்கொரு சாவியோடு போய்விட்ட
சா.மெ. வீடு.
ஒரு சுற்று நானூற்றுப் பத்து அடி
என்றது நூர்ஜஹானின் கடிகாரம்.

அந்தக் கடிகாரம் வந்தபிறகுதான்
எங்களுக்குள் கெட்ட எண்ணம் வந்தது.
அவள் ஒன்பதாயிரம் என்றால்
நான் இரவு பத்தரைக்கு
போனை இடுப்பில் செருகிக்கொண்டு
அடுப்படிக்கும் பாத்ரூமுக்குமாக நடந்து
ஒன்பதாயிரத்து இருநூறு ஆக்குவேன்.
மறுநாள், தூக்கமே வரலப்பா என்பேன்.
எனக்குந்தான் என்பாள்.
அவள் வீட்டு மொட்டைமாடியில்
பதினோரு மணிக்கு ஓர் உருவம்
போவதும் வருவதுமாய் இருந்ததை
நான் சொல்லவில்லை.

மூன்று மாதத்தில் என் புடவையில்
ஒரு கொசுவம் கூடியது.

உமையாள் மட்டும் எடை ஏறினாள்.
நடை முடிந்தால் அவள் வீட்டில் டீ.
டீயோடு வெள்ளைப் பணியாரம்.
நடந்தாச்சுல்ல, ஒண்ணு எடு, என்பாள்.
ஒருத்தி எடுத்தால்
நாலு கையும் நீளும்.
நடை மட்டுமா தொற்றும்.

ஐப்பசி மழையில்
சர்ச் படியில் வழுக்கினாள் பிலோமினா.
கணுக்கால். மாவுக்கட்டு. ஆறு வாரம்.

மறுநாள் நாலரைக்கே விழித்துவிட்டேன்.
நாலு ஐம்பது ஆனது.
ஐந்து ஆனது.
வேறு யாரோ கொடுத்து வைத்துவிட்டுப் போனவை போல
போர்வைக்குள் கிடந்தன கால்கள்.
நூர்ஜஹானுக்குத் தூறல்.
உமையாளுக்குச் சம்பந்தி வருகை.
எனக்குக் காரணம்கூடத் தேவைப்படவில்லை.
ஒருத்திக்குக் கால் உடைந்து
நாலு பேர் நொண்டினோம்.

மூன்றாம் வாரம்
மருந்துக்கடையில் நூர்ஜஹான்.
மணிக்கட்டில் கடிகாரம் இருந்த இடம்
வெளுத்திருந்தது.
அவள் பையை நான் பார்க்காமல்
என் பையை அவள் பார்க்காமல்
மழையைப் பற்றிப் பேசினோம்.
கூடிய கொசுவம்
போன வாரமே போய்விட்டிருந்தது.

அடுத்த நாள் நாலு ஐம்பதுக்கு
பிலோமினா வீட்டுக் கதவில்
என் சாவிக்கொத்து, இரண்டு தட்டு.
தட்டியபிறகுதான் யோசித்தேன்,
கட்டுப் போட்டவளை எழுப்பி
என்ன செய்வதென்று.
திறந்தாள்.
முகம் கழுவியிருந்தாள்.
தலை வாரியிருந்தாள்.
இப்பத்தான் வழி தெரிஞ்சுதா, என்றாள்.

சா.மெ. வீட்டு முனையில்
சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி.
செங்கல் மேல் கட்டுப்போட்ட கால்,
மடியில் ஊன்றுகோல்,
சுற்றுக்கு ஒரு முறை எண்ணைக் கூவுவாள்.
நாலாம் நாள் நூர்ஜஹான் வந்தாள்.
உமையாள் வந்தாள், பணியாரம் இல்லாமல்.
பிறகு ஒருநாள் பணியாரத்தோடு.

ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.
மூச்சு வாங்கி முனை திரும்பினால்
மறுபடி, நாலு!
இப்பத்தானே நாலு சொன்னே?
அது உமையாளுக்கு.
உமையாள் கேட்டதற்கு
அது நூர்ஜஹானுக்கு என்றாளாம்.

கடிகாரத்துக்கு உண்மை தெரியும்.
நூர்ஜஹான் அதன்மேல்
முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

பின்வாசல் தெருவில்
அவள் கண்ணுக்கு எட்டாத இடத்தில்
கொஞ்சம் மெதுவாகப் போனால் என்ன
என்று இன்று நினைத்தேன்.
நினைத்து முடிக்கவில்லை,
வீட்டுக்கு அந்தப் பக்கமிருந்து
தார்ச்சாலையில் ஊன்றுகோல்,
இரண்டு தட்டு.